மேயர் கையில் பள்ளிகள்: சிகாகோ கைவிட்டதை நியூயார்க் ஏன் இன்னும் வைத்திருக்கிறது?

தேன்மொழி (சிகாகோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் 2023-இல் சிகாகோவுக்கு வந்தோம். பிள்ளைகள் இருவரும் நகரத்தின் பொதுப் பள்ளியில் படிக்கிறார்கள். குவீன்ஸில் இருந்தவரை, பள்ளிகள் மேயரின் பொறுப்பில் இருப்பது குடிநீரும் குப்பையும் அவர் பொறுப்பில் இருப்பதைப் போன்ற இயல்பான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். என் மகன் நான்கு வயதில் கட்டணம் இல்லாமல் முழுநாள் மழலையர் வகுப்புக்குப் போனதும் அந்த ஏற்பாட்டின் கீழ்தான்.

இங்கு வந்த மறு ஆண்டே, 2024 நவம்பரில், கல்வி வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டு எங்களிடம் வந்தது. சிகாகோ வரலாற்றில் கல்வி வாரியத்திற்கு மக்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அன்று 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், தலைவர் உட்பட 11 பேரை மேயர் நியமித்தார். 2026 நவம்பரில் 21 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, 2027 ஜனவரியில் வாரியம் முழுவதும் மக்கள் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும்.

என் ஐயம் இதுதான். மேயரிடம் பள்ளிகளை ஒப்படைத்தால் அவை சீர்திருந்தும் என்பதற்கு 1995 முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட நகரம் சிகாகோ. அது அந்த வழியை விட்டு விலகுகிறது. அதைப் பார்த்து 2002-இல் அந்த வழிக்கு வந்த நியூயார்க்கோ, 2024-இல்கூட மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு அதை நீட்டித்துக்கொண்டது. ஒரே மருந்து ஓரிடத்தில் ஒத்துக்கொண்டு மற்றோரிடத்தில் ஒத்துக்கொள்ளாமல் போனதா, அல்லது இரண்டிடத்திலும் பிள்ளைகளின் படிப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? வாக்களிக்கும் முன் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். இரு நகரங்களையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

---

நகரவியல் மாணவன் எழுதியது:

தேன்மொழி அவர்களுக்கு வணக்கம். அமெரிக்க நகராட்சிகளின் நிர்வாகம் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

பள்ளிகளை நகர அரசியலிலிருந்து பிரித்து வைத்ததே முதலில் ஒரு சீர்திருத்தமாகத்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வார்டுத் தலைவர்கள் தங்கள் ஆட்களுக்கு ஆசிரியர் வேலையையும் கட்டட ஒப்பந்தங்களையும் பங்கிட்டுக் கொடுத்தார்கள் என்பதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனி வாரியங்களும் கல்வித் துறை வல்லுநர்களும் பள்ளிகளை நடத்துவதே முறை என்ற கருத்து வலுப்பெற்றது. 1990-களில் அந்தச் சக்கரம் மறுபக்கம் சுழன்றது: யாரிடம் கேட்டாலும் 'அது என் பொறுப்பில்லை' என்ற விடையே கிடைக்கிறது, ஆகவே நகரம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் தலையில் பொறுப்பைச் சுமத்துவோம் என்றார்கள்.

சிகாகோவில் அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1979-80-இல் பள்ளி நிர்வாகம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தது. 1987-இல் ஆசிரியர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மோசமான பள்ளிகள் சிகாகோவில்தான் இருக்கின்றன என்று வெளிப்படையாகவே கூறினார். இதற்கு முதலில் கிடைத்த விடை மேயர் அல்லர், பெற்றோர். 1988 சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு உள்ளூர்ப் பள்ளி மன்றத்தை அமைத்து, அதில் பெற்றோருக்குப் பெரும்பான்மை கொடுத்து, தலைமையாசிரியரை அமர்த்தவும் நீக்கவும் அதிகாரம் தந்தது. அமெரிக்கப் பெருநகரம் எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் மன்றங்கள் பள்ளியைப் பார்த்துக்கொண்டாலும் நகரம் முழுவதற்குமான கஜானாவைப் பார்க்க ஆள் இல்லை. அந்த நிலையில், 1995-இல் குடியரசுக் கட்சியின் கையில் இருந்த இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மேயர் ரிச்சர்ட் எம். டேலியிடம் பள்ளிகளை ஒப்படைத்தது.

டேலி தம் வரவுசெலவுத் துறைத் தலைவராக இருந்த பால் வாலஸைத் தலைமை நிர்வாகி ஆக்கினார். கல்வித் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பது குறையாக அல்ல, தகுதியாகவே அன்று பேசப்பட்டது. பற்றாக்குறை மறைந்தது, கட்டடங்கள் செப்பனிடப்பட்டன, ஆண்டுக்கணக்கில் வேலைநிறுத்தம் இல்லை. இந்த அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் அன்று பலர் கேட்கவில்லை. தனித்தனித் தலைப்புகளில் பிரிந்து கிடந்த வரிப்பணத்தை ஒன்றாக்கி விருப்பப்படி செலவிட 1995 சட்டம் வழிவிட்டது. அதன் விளைவாக ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குப் பள்ளி நிர்வாகம் தன் பங்கைச் செலுத்தவே இல்லை. அந்தப் பணம் வகுப்பறைக்கும் சம்பளத்திற்கும் போனது உண்மை, கடன் பின்னால் வந்த தலைமுறையின் தலையில் விழுந்ததும் உண்மை. இன்று சிகாகோவில் பள்ளிப் பணத்தைப் பற்றி நடக்கும் ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் அந்தப் பத்தாண்டுகள் கிடக்கின்றன.

படிப்பு முன்னேறியதா என்று கேட்டீர்கள். முன்னேறியது. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 2009 முதல் 2014 வரையிலான தேர்வுகளை வைத்துப் பார்க்கும்போது, சிகாகோப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கான வளர்ச்சியைப் பெற்றார்கள் என்பது தெரியவந்தது. நாட்டின் பெரிய மாவட்டங்களில் அது மிக உயர்ந்த அளவு. ஆனால் இதை மேயரின் சாதனை என்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. அதே ஆண்டுகளில் தலைமையாசிரியர்களைத் தேர்ந்தெடுத்ததில் உள்ளூர் மன்றங்களுக்கும் பங்கு இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கும் மாணவரை உடனே கண்டறியும் முறையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் உருவாக்கிக் கொடுத்ததற்கும் பங்கு இருந்தது.

அப்படியானால் நகரம் ஏன் இதைக் கைவிட்டது? 2013 தான் காரணம். அந்த ஆண்டு மே மாதம், மேயர் ராம் இமானுவேல் நியமித்த வாரியம் சுமார் 50 பள்ளிகளை ஒரே கூட்டத்தில் மூட முடிவு செய்தது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் நகரின் தெற்கிலும் மேற்கிலும் வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகள். கூட்டம் கூட்டமாகப் பெற்றோர் வந்து பேசினார்கள், அழுதார்கள், வாரியம் கேட்டுக்கொண்டு கையை உயர்த்தியது. மூடல் பிள்ளைகளை மேம்பட்ட பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் என்று சொல்லப்பட்டது. 2018-இல் வந்த பல்கலைக்கழக ஆய்வோ, அப்பிள்ளைகளின் கற்றல் பின்தங்கியதையும் கணக்குப் பாடத்தில் அது சில ஆண்டுகள் நீடித்ததையும் காட்டியது. மூடலை நடத்திய தலைமை நிர்வாகி பார்பரா பைர்ட்-பென்னட், தாம் முன்பு பணியாற்றிய நிறுவனத்திற்கே போட்டி ஏலம் இல்லாமல் 2 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கொடுத்த வழக்கில் 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின்னர் சிறைத் தண்டனை பெற்றார்.

மேயரிடம் பொறுப்பு இருந்தால், தவறு செய்யும்போது மக்கள் அவரை நீக்கலாம் என்பதே இந்த முறையின் அடிப்படை வாதம். 2015 தேர்தலில் இமானுவேல் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டாலும் வென்றுவிட்டார். ஏனென்றால் மேயர் தேர்தலில் மக்கள் பள்ளிக்கு மட்டும் வாக்களிப்பதில்லை. காவல்துறை, வரி, சாலை எல்லாம் சேர்ந்த ஒரே வாக்கு அது. மூடப்பட்ட பள்ளியின் பெற்றோர் அந்த ஒரே வாக்குக்குள் கரைந்துபோனார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் வேண்டும் என்ற கோரிக்கை அந்த வலியிலிருந்து வளர்ந்து, 2021-இல் சட்டமாயிற்று.

---

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

அம்மா, நான் பிராங்க்ஸில் 27 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு கற்பித்தவன். மாணவன் தம்பி சிகாகோவைச் சொல்லிவிட்டதால் நான் நியூயார்க்கோடு நிற்கிறேன்.

மேயருக்கு முந்திய காலத்தைப் பொற்காலமாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1968-இல் புரூக்ளினின் ஓஷன் ஹில்–பிரௌன்ஸ்வில் பகுதியில், பள்ளி நிர்வாகம் கறுப்பினச் சமூகத்தின் கையிலா, ஆசிரியர் சங்கம் காத்த பணிப் பாதுகாப்பின் பக்கமா என்று வெடித்த மோதல் நகரத்தையே பிளந்தது. அதன் பிறகு வந்த பரவலாக்கச் சட்டத்தால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை நடத்த வட்டார வாரியங்கள் ஏற்பட்டன. எண்ணம் நல்லது. ஆனால் அந்த வாரியத் தேர்தல்களில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. சில வட்டாரங்களில் பதவிகள் வேண்டியவர்களுக்குப் பங்கிடப்பட்டதை விசாரணைகள் வெளிக்கொண்டு வந்தன. 1996-இல் சட்டமன்றமே அந்த வாரியங்களின் நியமன அதிகாரத்தைப் பறித்தது. மத்திய வாரியத்தில் ஏழு பேர்: ஐவரைப் பரோ எனப்படும் ஐந்து நகரப் பகுதிகளின் தலைவர்கள் நியமிப்பார்கள், இருவரை மட்டும் மேயர். ஒரு கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்பது எங்கள் தலைமையாசிரியருக்கே தெரியாது.

2002-இல் மைக்கேல் புளூம்பெர்க் பொறுப்பேற்று, மத்திய நீதி அமைச்சகத்தின் சார்பில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு நடத்திய ஜோயல் கிளைனைச் சான்சலராக, அதாவது நகரப் பள்ளிகளின் தலைவராக, அமர்த்தினார். பணம் வந்தது, ஆசிரியர் சம்பளம் கணிசமாக உயர்ந்தது. சொல்லத்தான் வேண்டும், சம்பளம் உயர்ந்த பிறகு தகுதியுள்ள இளைஞர்கள் புறநகருக்கு ஓடாமல் நகரத்தில் தங்கினார்கள். நான் வேலை பார்த்த பெரிய பள்ளி படிப்படியாக மூடப்பட்டு, அதே கட்டடத்தில் சிறு பள்ளிகள் முளைத்தன. என் கண்முன்னே ஒரு நூலகத்தைப் பலகை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். அன்று எனக்கு ஆத்திரம். ஆனால் அந்தச் சிறு பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்ட எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு, சேர்ந்தவர்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களின் விகிதம் தெளிவாக உயர்ந்தது என்று காட்டியது. குலுக்கல் ஆய்வை ஒரு கணக்காசிரியன் மறுக்க முடியாது. என் ஆத்திரத்தில் ஒரு பகுதி தவறு என்று ஏற்றுக்கொண்டேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பழைய மத்திய வாரியத்தின் இடத்தில் வந்த, மேயர் நியமித்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த கல்விக் கொள்கைக் குழுவில், தேர்வில் தவறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தும் திட்டம் 2004 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. அது தோற்றுவிடும் என்று தெரிந்ததும், மாறி வாக்களிக்கவிருந்த தம் உறுப்பினர் இருவரை மேயர் அன்றே நீக்கிவிட்டு வேறு ஆட்களை அமர்த்தினார். ஸ்டேட்டன் தீவு என்ற பரோவின் உறுப்பினரும் மாற்றப்பட்டார். திட்டம் நிறைவேறியது. மாற்றுக்கருத்து சொன்னால் மாலைக்குள் பதவி போய்விடும் என்ற குழுவைக் குழு என்று எப்படி அழைப்பது? எங்கள் ஆசிரியர் அறையில் அன்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று. 2009-இல் நகரத்துப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினர் மாநிலக் கணக்குத் தேர்வில் தேர்ச்சி என்று பறைசாற்றினார்கள். மறு ஆண்டு மாநிலம் தேர்ச்சிக் கோட்டை உயர்த்தியதும் அது 54 ஆயிற்று. வாசிப்பில் 69 என்பது 42 ஆயிற்று. பிள்ளைகள் ஓராண்டில் மறந்துவிடவில்லை, அளவுகோல்தான் தளர்ந்து கிடந்தது. மேயர் தம் பெயரைத் தேர்வு முடிவோடு கட்டிக்கொண்டால், அந்த முடிவு உயர்ந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி கீழே எங்கள் வகுப்பறை வரைக்கும் வந்து சேரும்.

ஆனாலும், உங்கள் மகன் படித்த அந்த மழலையர் வகுப்பை மறக்க வேண்டாம். 2014-இல் பில் டி பிளாசியோ பதவியேற்ற ஒன்பதே மாதங்களில் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த இடங்கள் 50,000-ஐத் தாண்டின. இடம் தேடுவது, ஆசிரியர் எடுப்பது, சுகாதாரத் துறை அனுமதி, தீயணைப்புத் துறை அனுமதி என அத்தனையும் ஒரே மனிதரின் ஆணையில் நகர்ந்தன. வாரியம் வைத்து நடத்தியிருந்தால் முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலே ஒன்பது மாதத்தில் முடிந்திருக்குமா என்பது எனக்கு ஐயம்.

---

பாஸ்டன்வாசி எழுதியது:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். தேர்தல் என்றாலே மக்களாட்சி, நியமனம் என்றாலே அடக்குமுறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1974-இல் பாஸ்டனில் இனப் பிரிவினையைக் கலைக்க நீதிமன்றமே தலையிட்டுப் பேருந்துகளில் பிள்ளைகளை அனுப்ப வேண்டி வந்ததற்குக் காரணம், வெள்ளையர் வாக்குகளை நம்பி அதுவரை எதையும் செய்ய மறுத்த, முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழுதான். 1992 முதல் இங்கே மேயர் நியமிக்கும் குழு இருக்கிறது. 1996-இல் வாக்காளர்களே அதை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மேயர் தாமஸ் மெனினோவும் கண்காணிப்பாளர் தாமஸ் பேசன்ட்டும் 1995-இலிருந்து 2006 வரை சேர்ந்து பணியாற்றிய அந்தப் பதினோரு ஆண்டுகளின் உறுதிப்பாடு வேறு எந்தப் பெருநகரப் பள்ளிக்கும் அரிதாகவே கிடைத்தது. 2021-இல் நடந்த, அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பிலோ, ஐந்தில் நால்வர் அளவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவையே கேட்டார்கள். மேயர் மிஷெல் வூ அதற்கு இசையவில்லை. ஊர் மனம் மாறியிருக்கிறது, சட்டம் இன்னும் மாறவில்லை.

---

தேன்மொழி (சிகாகோ) எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, நீங்கள் நூலகத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. 2004-இல் நடந்ததும் 2013-இல் நடந்ததும் ஒரே வகையான தவறுகளே. அப்படியிருக்க, நியூயார்க்கில் அது முறையையே கவிழ்க்கும் அளவுக்குப் போகாமல் இங்கு மட்டும் ஏன் போயிற்று? மற்றொன்று, 2024 தேர்தலில் ஒருபக்கம் ஆசிரியர் சங்கமும் மறுபக்கம் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளை ஆதரிக்கும் குழுக்களும் பெரும் பணம் செலவிட்டதை எங்கள் வீட்டு அஞ்சல் பெட்டியே சொல்லும். மேயரிடமிருந்து வாங்கிப் பணத்திடம் கொடுக்கிறோமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

---

நகரவியல் மாணவன் எழுதியது:

முதல் கேள்விக்கு என் விடை, காலக்கெடு. நியூயார்க் மேயருக்கு இந்த அதிகாரம் சொந்தமாகக் கொடுக்கப்படவில்லை, தவணைக்குக் கொடுக்கப்பட்டது. சட்டம் குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும், மேயர் மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குப் போய்ச் சட்டமன்றத்திடம் மீண்டும் கேட்க வேண்டும். 2009 கோடையில் மாநில மேலவையில் ஏற்பட்ட குழப்பத்தால் சில வாரங்கள் காலாவதியாகவே கிடந்தது. டி பிளாசியோவுக்கு 2015-இலும் 2016-இலும் ஓராண்டு மட்டுமே கொடுத்தார்கள். 2022-இல் எரிக் ஆடம்ஸுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது கொள்கைக் குழுவை 23 பேராகப் பெருக்கிப் பெற்றோருக்கு இடம் கூட்டினார்கள். மாறி வாக்களிக்கும் உறுப்பினரை அதற்காகவே மேயர் நீக்க முடியாதபடியும் செய்தார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன 2004 மாலைக்கு 18 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது. அதே கூட்டத்தொடரில்தான் வகுப்பறையில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டமும் நிறைவேறியது: மூன்றாம் வகுப்பு வரை 20, எட்டாம் வகுப்பு வரை 23, உயர்நிலையில் 25. மேயர் விரும்பிய சட்டமன்று அது. நீட்டிப்பு வேண்டும் என்பதால் எதிர்க்க இயலாமல் போயிற்று என்பது என் கணிப்பு.

சிகாகோவில் மேயர் மீண்டும் போய்க் கேட்க வேண்டிய நாள் என்று ஒன்று இருந்ததில்லை. பெற்றோரின் குறை சிறு சிறு திருத்தங்களாக வெளியேற வழியில்லாமல் 26 ஆண்டுகள் தேங்கி, ஒரே சட்டத்தில் கரையை உடைத்தது. ஆகவே மேயரா வாரியமா என்பதைவிட, கொடுத்த அதிகாரத்தைக் கணக்குக் கேட்டுப் புதுப்பிக்கும் நாள் உண்டா என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. காலக்கெடுவால் குறையும் உண்டு. ஆல்பனியில் பேரம் நடக்கும் வாரங்களில் பள்ளிகளுக்குத் தொடர்பே இல்லாத கோரிக்கைகளும் அந்தப் பையில் திணிக்கப்படுகின்றன.

பணத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2024 அக்டோபரில் நடந்ததையும் அதோடு வைத்துப் பாருங்கள். ஆசிரியர் சங்கத்தின் அமைப்பாளராக இருந்து மேயரான பிராண்டன் ஜான்சன், ஒப்பந்தச் செலவுக்கும் ஆசிரியரல்லாத பணியாளர்களின் ஓய்வூதியத்திற்கும் கடன் வாங்கச் சொல்ல, தலைமை நிர்வாகி பெட்ரோ மார்ட்டினெஸ் மறுத்தார். அந்த இழுபறிக்கு நடுவே, மேயர் தாமே நியமித்த வாரியத்தின் ஏழு பேரும் விலகுவதாக அறிவித்தார்கள். நியமித்தால் பணத்தின் இழுவை இராது என்றும் சொல்வதற்கில்லை.

வேட்பாளர்களிடம் மூன்றைக் கேட்பேன். ஓய்வூதியப் பங்கை யார் எந்தக் கணக்கிலிருந்து செலுத்துவது? மாணவர் குறைந்து பாதிக்கு மேல் காலியாக இருக்கும் பள்ளிகளை என்ன செய்வீர்கள், முடிவெடுக்கும் முன் அந்தப் பெற்றோரிடம் எப்போது பேசுவீர்கள்? உங்கள் தேர்தல் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தவர் எதிர்க்கும் ஒரு முடிவை உங்களால் எடுக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் 'ஒன்றையும் மூட மாட்டேன்' என்று சொல்பவரிடம், அந்தக் கட்டடங்களின் செலவை எங்கிருந்து எடுப்பார் என்று தொடர்ந்து கேளுங்கள்.

---

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் எழுதியது:

அம்மா, 21 பேர் கொண்ட வாரியம் உங்கள் வீட்டிலிருந்து தூரம். 1988-இல் வந்த உள்ளூர்ப் பள்ளி மன்றங்கள் இத்தனை மேயர்களுக்குப் பிறகும் சிகாகோவில் உயிரோடு இருக்கின்றன. பெற்றோருக்கு ஆறு இடம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல். நியூயார்க்கில் எங்கள் பள்ளித் தலைமைக் குழுக்களில் பெற்றோர் உண்டே தவிர, தலைமையாசிரியரை அமர்த்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பல பள்ளிகளில் ஆள் இல்லாமல் இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேள்விப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எத்தனை இடம் காலி என்று விசாரித்தீர்களா?

---

தேன்மொழி (சிகாகோ) எழுதியது:

ஐயா, இன்று காலை பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். ஆறு பெற்றோர் இடங்களில் இரண்டு காலி. தலைமையாசிரியரின் நான்கு ஆண்டு ஒப்பந்தமும் அடுத்த ஆண்டு முடிகிறதாம், அதைப் புதுப்பிப்பதா என்று முடிவு செய்வது அந்த மன்றமே. வேட்பு மனுவை வாங்கி வந்திருக்கிறேன். கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு என்பதால் மகளை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.